லேசர் என்றால் லேசு

அப்பாவின் வலது கண் என்னுடையது, இடது கண் அண்ணனுடையது. எங்கள் தாராவி வீட்டில் அப்படித்தான் பேச்சு. ரெண்டிலும் புரை விழுந்திருந்தது. 'முத்தட்டும், முத்தட்டும்' என்று பழைய ஞானத்தில் இழுத்தடித்து, எதிரே நிற்பது நானா கதவா என்று தெரியாமல் போன பிறகுதான் மனுஷன் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்.

வலது கண்ணுக்கு நான்தான் கூட்டிப்போனேன், விக்ரோலிப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு. புரை கல்லாக இறுகிவிட்டது, கையாலேயே சின்னதாகக் கீறி முழுசாக எடுத்துவிடுகிறோம் என்றார்கள். பை தைக்கிற பட்டறையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட்டேன். அதைக் கேள்விப்பட்டு ரோஷம் வந்த அண்ணன் பாண்டுப்பிலிருந்து வந்து, இடது கண்ணுக்குச் செம்பூரில் லேசர் செய்துவிட்டான். மறுநாளே வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அந்தக் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டது நான்தான்.

அப்பா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"லேசர்னா என்னன்னு நெனைச்ச? லேசாப் பண்ணுததாக்கும். நோவே தெரியல. நீ கூட்டிட்டுப் போனது கத்தி. கறிக்கடை."

லேசரும் லேசும் ஒன்று என்று சந்து முழுக்கப் பாடம் நடத்தினார். யாரும் மறுக்கவில்லை. காதில் விழுவதும் அப்படித்தானே விழுகிறது.

தினமும் காலையில் பரீட்சை. உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஆகா, என்னா வெளிச்சம்!" என்பார். பிறகு அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். "இதுல எல்லாம் மங்கலாக் கெடக்கு." தோல் பட்டறையில் பெல்ட் வெட்டியே வயசானவர். நான் தைத்துக் கொண்டுவரும் பையைத் தூக்கிப் பிடித்து, "ஒன் கண்ணுல பாத்தா தையலு கோணலாத் தெரியுது" என்பார். கையை மாற்றிப் பொத்திக்கொண்டு, "இதுல நல்லாத் தெரியுது, கோணலுதான்னு" என்பார். வாசலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். உள்ளூர் மாடு விலை போகாது.

கட்டிக்கொடுத்த இடத்தில் ஒப்பேறாமல் திரும்பி வந்தவள் நான். பேச்சு வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. என் கண்ணும் நன்றாகத் தெரிகிறது என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் வரவேண்டும். வேறு எதுவும் அவரிடம் நான் கேட்கவில்லை.

செம்பூரில் கடைசிப் பரிசோதனைக்கு அண்ணன் வரவில்லை, நான்தான் போனேன். சுவரில் ஓர் அட்டை. ஒரே எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும், வரிக்கு வரி சின்னதாகும். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். அண்ணன் கண்ணால் கடைசி வரிவரை காட்டினார். என் கண்ணாலும், டாக்டரம்மா முன்னால் பொய் சொல்லப் பயந்து, கடைசி வரிவரை காட்டினார்.

"தோனோ ஆங்க் ஏக் ஜைசா" என்றார் டாக்டரம்மா. ரெண்டு கண்ணும் ஒன்றுபோல.

நான் விடவில்லை. லேசர்தானே உசத்தி என்று இந்தியில் கேட்டேன். லேசர் கீறும், புரையை உடைக்கும், எடுப்பதும் லென்ஸ் வைப்பதும் கைதான் என்றார். வலது கண்ணில் இருந்த மாதிரி இறுகிப்போன புரைக்குக் கையே நல்லது, செய்தவருக்கு நல்ல கை என்றும் சொன்னார். அப்பாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்துக் கேட்டேன். "எப்பா, டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"பெறகு என்னத்துக்கு மங்கலா இருக்குன்னு சொல்லுதீக?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டும் நல்லாத்தாம்ட்டி தெரியுது. மொதல்ல இருந்தே தெரியுது. அவன் கண்ணு ஒசத்தின்னு சொன்னாத்தான் அவன் வருவான். அவனுக்கு வீடு இருக்கு, பொண்டாட்டி புள்ள இருக்கு. நீ எங்க போவ?"

அடிக்க வேண்டும்போல இருந்தது. பெற்ற அப்பனை. வந்து நின்ற பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். ரெண்டு கண்ணும்தான் தெரிகிறதே, வழி பார்த்து வரட்டும். திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே போகலாம் என்று யோசித்தேன். மான்குர்தில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள், இப்போது வீடு மாற்றிவிட்டாள். பாண்டுப்பில் அண்ணி கதவைத் திறந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டாள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எனக்கு இடமெல்லாம் தீர்ந்துவிட்டது.

இறங்கித் திரும்பி நடந்தேன். அப்பா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டார். பக்கத்து இருக்கையில் எனக்கு இடம்போட்டு வைத்திருந்த மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒக்காரு" என்றார். "அடுத்த பஸ்சுக்கு நேரம் கெடக்கு."

உட்கார்ந்தேன்.