கிரகணத்தில் வரம்பு வெட்டிய கதை

"அம்மா, வாற கிரகணம் கிளிநொச்சியிலை தெரியாதாம். இஞ்சை ரொறன்ரோவிலைதான் தெரியுமாம்" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். கைத்தொலைபேசியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் போதுமாம், எங்கே எத்தனை மணிக்குப் பிடிக்கும், எப்போது விடும் என்று அதுவே காட்டுமாம். அவள் கதையை முடித்த பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நாலைந்து தரம் நடந்தேன்.

எங்கள் காலத்தில் அதைச் சொன்னவை இரண்டு பஞ்சாங்கங்கள். சண்டை பிடித்த சம்பந்திகளைப் போல, ஒன்று சொன்னதை மற்றது ஒப்புக்கொள்ளாது. எங்கள் வீட்டில் திருக்கணிதம். பக்கத்துக் காணிச் செல்லம்மாக்காவிடம் வாக்கியம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி, ஆனி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறி எங்களுக்கு அது முதல் போகம். நெல் சரிவந்தால் நிற்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் கணவரின் தமையன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தமையன் பெண்சாதியின் முகம் நினைவுக்கு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. வயிற்றில் ஐந்து மாதம் வேறு. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு திங்கட்கிழமை காலை சூரிய கிரகணம் வந்தது.

"பிள்ளைத்தாச்சியோடை விளையாடக் கூடாது. ரெண்டு பஞ்சாங்க நேரத்தையும் பிடியுங்கோ" என்று செல்லம்மாக்கா தீர்ப்புச் சொன்னா. ஆக, எது முந்தித் தொடங்குகிறதோ அதிலிருந்து எது பிந்தி முடிகிறதோ அதுவரை நான் வீட்டுக்குள். நான் எதை வெட்டினாலும் பிள்ளையின் உடம்பில் வெட்டு விழுமாம். வெட்டக்கூடாது, கிள்ளக்கூடாது, சொறியக்கூடாது. சொறியக்கூடாது என்று கேட்டதுமே எனக்கு உடம்பெல்லாம் கடிக்கத் தொடங்கிவிட்டது.

சிக்கல் அதுவல்ல. எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வரும் முறையும் அதே திங்கட்கிழமை காலைதான். முறையை மாற்றித் தரும்படி இவர் வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானையாரிடம் போய்க் கேட்டார்.

"எஞ்சினியர் போட்ட முறை, தம்பி. கிரகணத்துக்கெல்லாம் மாத்தேலாது."

இவருக்கு மிருகசீரிட நட்சத்திரம். கிரகணம் பிடித்ததும் அதில்தானாம். தோசம் கழிய நெற்றியில் ஓலை கட்டிக்கொண்டு கோயிலில் இருக்கவேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். "போகட்டும், அடுத்த முறைக்குப் பாப்பம். நீர் வெளியிலை வரக்கூடாது, விளங்குதோ?" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறைக்குப் பத்து நாள் இருந்தது. ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்றில் வயல் ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். எழும்பினேன். இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. அது எங்கள் வரம்பைத் தாண்டிச் சும்மா ஓடுகிறது. காகங்கள் ஒவ்வொன்றாகக் கத்தலை நிறுத்தின. வெளிச்சம் பழைய வேட்டி நிறமாயிற்று. பிறகு என்ன நினைத்தேனோ தெரியாது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஓர் ஆள் இல்லை. தெற்கே பொலன்னறுவைப் பக்கம் சூரியன் முழுதாக மறைந்ததாகப் பிறகு கதைத்தார்கள். எங்களுக்கு ஒரு கீற்று மிஞ்சியது. மேலே பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் வரம்படிப் பாலைமரத்தின் கீழே, இலை இடுக்கால் விழுந்த வெயிலெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது. அந்தப் பிறைகளின் மேலேயே மண்வெட்டியைப் போட்டேன். நாலு கொத்து. ஒவ்வொரு கொத்துக்கும் "பிள்ளையாரே" என்றேன். தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது.

இவர் மத்தியானம் வந்து பார்த்தார். வயல் நிறையத் தண்ணீர்.

"வரம்பு தானாய் உடைஞ்சு போச்சுதாக்கும்" என்றேன்.

வெட்டுவாயை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், உடைஞ்சிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை வயிற்றில் அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். நெல் நன்றாக விளைந்தது. அந்தச் சோற்றைத் தின்னும்போதெல்லாம் பிள்ளையின் பங்கைத் தின்கிறேன் என்றுதான் தோன்றும்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். உதட்டைப் பார்த்தேன், விரல்களை எண்ணினேன். எல்லாம் சரி. இடது காதுச் சோணையில் மட்டும், கூரான எதுவோ பட்டதுபோலச் சின்ன வெட்டு. நான் குழறிவிட்டேன். நாலு கொத்தையும் சொல்லிவிட வாயெடுத்தேன்.

இவர் பிள்ளையை வாங்கிக் காதைப் பார்த்தார். "இதுக்கோ அழுறீர்? என்ரை அம்மாவுக்கும் உப்பிடித்தான் இருந்தது" என்றார்.

அன்று பிடித்த நித்திரையைப் போல ஒரு நித்திரை பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

மாமியாரை நான் கண்டதில்லை. என் கலியாணத்துக்கு முன்பே போய்விட்டா. அவவைத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். அந்த வயலும் பாலைமரமும் இடம்பெயர்ந்த நாட்களோடு சரி. "மெய்யாகவே அப்படி இருந்ததோ?" என்று இவரிடம் ஒருநாள் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நாற்பது வருசம் கேட்காமலே ஒரே வீட்டில் இருந்துவிட்டேன். இப்போது பயம் இல்லை. கேட்கத்தான் அவர் இல்லை.