நல்லகாமன் கேட்ட டீ

முத்துமீனா ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமாக விடைபெறுகிறவள். நோயாளி உயிரோடு இருக்கும்வரை, கட்டிலில் கிடப்பவர் காதில் விழும்படி "வாரேன்" என்று உரக்கச் சொல்வாள். அவர் போன பிறகு அதே வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். துக்க வீட்டில் வாரேன் சொல்லக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும்.

விளாங்குடிக்காரி, நாற்பத்திரண்டு வயது நர்ஸ். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ளும் சின்னக் குழு ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை. வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, குழாய் மாற்றுவது, கட்டிலைச் சுற்றி நின்று சண்டை போடும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது எல்லாம் அவள் பாடுதான்.

இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்கள் எப்படித் தேறுகின்றன என்று ஆராயும் பேராசிரியை ஒருவர், இருபத்தேழு கேள்விகள் உள்ள படிவத்தைக் கொடுத்திருந்தார். சாவு நடந்து மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்க வேண்டும். துக்கத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க். படித்தவர்களுக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது! ஆனாலும் முத்துமீனா முகம் சுளிக்கவில்லை. கருமாதி முடிந்த பிறகு அந்த வீடுகளை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

அப்படித்தான் ஒரு காலையில், நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் அழகம்மாள் வீட்டுக்குப் போனாள். அழகம்மாளின் புருஷன் நல்லகாமன் தொண்டைப் புற்றுநோயில் போனவர். கடைசி இரண்டு மாதம் மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். வேளை தவறாமல் ஊற்றியது அழகம்மாள்தான்.

பத்தொன்பதாவது கேள்வி: கடைசி நாட்களில் செய்ததிலோ செய்யாததிலோ மனக்குறை உண்டா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சட்டென்று சொல்லிவிட்டு, அழகம்மாள் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

முன்பெல்லாம் இந்த வீட்டில் அடுப்பை விட்டு டீ இறங்காது. முத்துமீனா சாதாரணமாகத்தான் கேட்டாள். "டீ இல்லையா பெரியம்மா?"

"டீத்தூளு வாங்குறதை விட்டுட்டேன் தாயி." அழகம்மாள் பால் டம்ளரை நீட்டினாள். "சாகுறதுக்கு முந்தி நாலு நாளா டீ கேட்டாரு. பேச்சுத்தான் இல்லையே, டம்ளரைப் பிடிக்கிற மாதிரி கையை வச்சுக் காட்டுவாரு. வாய் வழியாக் குடுத்தா மூச்சுக்குழல்ல போயிரும்ன்டு நீ சொல்லியிருந்தீல்ல, அதான் குடுக்கல. இன்னும் ரெண்டு நாளு கூட இருக்கட்டுமேன்டுதான் குடுக்கல. கடைசில காஞ்ச வாயோட அனுப்பிப்புட்டேனே!"

முத்துமீனாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு டாக்டர் போனில் சொல்லியிருந்தார்: இனி கட்டுப்பாடு வேண்டாம், ஆசைப்பட்டதை ஒரு சொட்டு நாக்கில் வைக்கட்டும், வீட்டாரிடம் சொல்லிவிடு. அவள் அதை நோட்டில்கூட எழுதினாள். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கோரிப்பாளையத்தில் ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தது. வாரேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அடுத்து வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். "நீங்க செஞ்சது சரிதான் பெரியம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும், எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இந்தப் பொம்பளை ஆயுசுக்கும் டீ குடிக்க மாட்டாள். முத்துமீனாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"பெரியம்மா, தப்பு உங்க மேல இல்ல. ஒரு சொட்டுக் குடுக்கலாம்ன்டு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நாந்தான் உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டேன்."

"மூணு மாசமாச் சோறு இறங்கலடி எனக்கு" என்றாள் அழகம்மாள். "நாந்தான் பாவின்டு, நித்தம் அவரு படத்து முன்னால நின்டு அழுதுக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா வந்து கேள்வி கேக்குற!"

திட்டட்டும் என்று முத்துமீனா உட்கார்ந்திருந்தாள். அழகம்மாள் திட்டவில்லை, முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முத்துமீனா வெளியே வந்தாள். வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை. இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"ஏ புள்ள!" அழகம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, கோபம் இன்னும் போகவில்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போனா என்ன அர்த்தம்?"

"துக்க வீட்டுல எப்பிடிப் பெரியம்மா..."

"கடைக்குத்தான போகப்போற, திரும்பி வருவீல்ல. வாரேன்டு சொல்லிட்டுப் போ. நூறு கிராம் டீத்தூளு வாங்கிட்டு வா."

"வாரேன் பெரியம்மா" என்றாள் முத்துமீனா.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். அழகம்மாள் அடுப்பைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். முத்துமீனாதான் டீ போட்டாள். மூன்று டம்ளர். முதல் டம்ளரை நல்லகாமன் படத்துக்கு முன்னால் வைக்கப் போனபோது, பின்னாலிருந்து அழகம்மாள் சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் சீனி போடு. அவரு இனிப்பாத்தான் குடிப்பாரு."