ஒட்டுக் கேட்ட ஊர்கள்

டெலிபோன் எக்சேஞ்சில், வெளியூர்க் கால் போடும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து சம்பாதித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊர் ரகசியம் முழுக்க நம் காது வழியாகத்தான் போகும், நாம் கேட்காத மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். லைன் போட்டோமா, "பேசுங்க" என்றோமா, விலகினோமா, மூன்று நிமிஷம் முடிந்ததும் நேரத்தைச் சொன்னோமா என்றிருக்க வேண்டும். ஒட்டுக் கேட்டால் மெமோ.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. வேலூரில் ஒரு லேடி டாக்டரிடம் வைத்தியம். இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டிக்காரர் வீட்டு விசேஷம்

வெல்ல மண்டிக்காரர் ஒருவர் தினமும் விலை கேட்கச் சென்னைக்கு டிரங்க் கால் புக் பண்ணுவார். என் குரல் கேட்டாலே, "நீ வந்துட்டியா, இனிமே லைன் கிடைச்சிடும்" என்பார். அவருடைய மருமகள் பிரசவத்துக்குச் சென்னையில் தாய்வீடு போயிருந்தாள். ஒருநாள் விடாமல் முயன்று அந்த வீட்டுக்கு லைன் வாங்கிக் கொடுத்தேன். பேரன் பிறந்திருந்தான். சந்தோஷத்தில், "உனக்கு எத்தினி பசங்கம்மா?" என்றார். "இன்னும் இல்லீங்க" என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டார்.

பேர் வைக்கிற விசேஷத்துக்கு உறவுக்காரர்களைக் கூப்பிட அவர் மறுபடி புக் பண்ணியபோது, போர்டில் நான்தான். என் குரல் கேட்டதும் இழுத்தார், இருமினார். பிறகு சொன்னார் பாருங்கள், லைன் போடக் கையில் எடுத்த ப்ளக் அப்படியே நின்றுவிட்டது. ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "கோவிச்சிக்காதம்மா. நல்ல சேதிக்கு மட்டும் வேற யாராவது லைன் போடட்டும். வெல்லம் விலை கேக்கறதுக்கு நீயே போடு, பரவாயில்ல."

தங்கையின் கல்யாணங்கள்

டாக்டரம்மா சொல்கிற நாளில் போய் நிற்காவிட்டால் அந்த மாதம் வீண். லீவுக்கு என்ன எழுதுவது? தங்கை கல்யாணம் என்று எழுதினேன். அது செல்லுபடியாகவே அடுத்த தடவையும் அதையே எழுதினேன். எனக்குத் தங்கையே கிடையாது என்பது வேறு விஷயம்.

மறுபடி எழுதிக் கொடுத்தபோது சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தே அறியாத மனிதர். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ லீவுச் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். "இந்த வருசத்துல உன் தங்கச்சிக்கு இது மூணாவது கல்யாணம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற நாளை முன்கூட்டி சொல்லிடு, நானே டூட்டி மாத்திப் போடறேன்."

பேர் தெரியாத தோழி

எக்சேஞ்சுக்கு எக்சேஞ்ச் நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் "திருவண்ணாமலை". வழியில் அதே லைனில் "போளூர்", "ஆரணி". அந்தப் பக்கம் ஒரு பெண் "வேலூர்". முகம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் பேசும்போதெல்லாம் லைன் போட்டுவிட்டு விலகிவிடுகிறாள் என்று நம்பினேன்.

ஒரு பௌர்ணமிக்கு, ஊசி போட்ட இடம் வலிக்க வலிக்க மலை சுற்றினேன். வீட்டுக்காரர் என் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டியதும் அழுதேன், அவரும் அழுதார். மறுநாள் போர்டில் உட்கார்ந்ததும், "ஊசி போட்ட இடம் வலி கம்மியாச்சா?" என்றது வேலூர். "ஒட்டுக் கேட்டியாடி?" என்று கத்தினேன். அவள் அசரவில்லை. "கேட்டேன். மெமோ குடுத்துக்கோ. மொதல்ல உன் பேரைச் சொல்லு. அஞ்சு வேளை தொழுதுட்டு, 'யா அல்லா, திருவண்ணாமலைக்கு ஒரு கொழந்தை குடு'ன்னே கேட்டுட்டு இருக்கேன்."

மூன்று நிமிஷம்

நாள் தள்ளிப்போயிருந்தது. பன்னிரண்டு நாள். பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், முடிவைப் போனில் கேட்கச் சொன்னார்கள். போர்டிலிருந்தே வேலூரைக் கூப்பிட்டேன். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நர்ஸ் வந்து, "இல்லம்மா. அடுத்த மாசம் வந்து டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தலையில் மாட்டிய போனோடு உட்கார்ந்திருந்தேன். லைன் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமியது. "போளூர் இங்கதான் இருக்கேன்மா." தூக்கிவாரிப் போட்டது. உடனே ஒரு சின்னப் பெண் குரல், "ஆரணியும் இருக்கேன்க்கா." எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ! கோபம் வர வேண்டிய இடம், எனக்கு அழுகைதான் வந்தது. கடைசியாக வேலூர் பேசினாள். "மூணு நிமிசம் ஆயிடுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம். நல்லா அழுது முடி, திருவண்ணாமலை. லைனை நாங்க புடிச்சிக்கிறோம்."

எங்களுக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஒட்டுக் கேட்பது பெரிய குற்றம் என்று ஓய்வு பெறும்வரை பாடம் எடுத்த நான், அந்த மூன்று ஊர்கள் மேல் மட்டும் இன்றுவரை புகார் எழுதவில்லை.