மலை பஸ்ஸும் டீசல் பலகையும்

இறக்கத்தில் இன்ஜின் சத்தம் நின்றபோது நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

எழுபதுகளில் திருத்தணி மலைக்கோயில் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் கோவிந்தசாமி, அம்மையார்குப்பத்துக்காரர், என்னைவிட மூத்தவர். எங்கள் டிப்போவுக்கு வந்த புது மேனேஜர் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். தினமும் காலையில் முந்தின நாள் கணக்கை அதில் எழுதுவார்கள். லிட்டர் டீசலுக்கு யார் அதிக கிலோமீட்டர் ஓட்டினாரோ அவர் பெயர் முதலில், குறைந்தவர் கடைசியில். அரக்கோணம் ரோட்டில் சமமாக ஓடும் வண்டிக்கும் மலை ஏறும் வண்டிக்கும் ஒரே கணக்கு. எந்த மகராசன் யோசித்தானோ தெரியவில்லை. மலை வண்டியின் மற்ற டிரைவர்கள் எப்படியோ நடுவில் இருந்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கோவிந்தசாமி எப்போதும் கடைசி.

"இந்த மாசமும் இப்டியே இருந்தா தூரமா எங்கனா மாத்திடுவேன்" என்று மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார். கோவிந்தசாமியின் மனைவியோ படுத்த படுக்கை. மாற்றல் வந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

அன்று கிருத்திகை. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளால் வண்டி நிரம்பியிருந்தது.

"இன்னாண்ணே, ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"சும்மா இருப்பா. எறக்கம் தானா இட்டுகினு போவும்."

இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும். ஒரு வளைவு தாண்டினோம். அடுத்த வளைவில் அவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"ஏர் எறங்கிகினே போவுதுப்பா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் கியரைப் பலமாகத் தள்ளினார். பல்சக்கரம் அலறியது. இன்ஜின் உதறிக்கொண்டு பிடித்தது. வண்டி மலைப்பக்கச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. முருகன் காப்பாற்றினான் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பலகையில் முதல் பெயர் கோவிந்தசாமி.

"இப்பத்தான்யா வழிக்கு வந்துகீறே" என்று மேனேஜர் சிரித்தார்.

"எம்பேரை அழிச்சிடுங்க சார். இன்ஜினை ஆஃப் பண்ணிகினுதான் மலை எறங்கனேன். வண்டி செவுத்துல ஒரசிகினுகீது, பாருங்க."

மேனேஜர் முகம் வெளுத்தது. "வேற யாரு இப்டி ஓட்றீங்க?"

மலை வண்டி டிரைவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்றே எங்கள் பஸ்ஸில் ஏறி, இன்ஜின் ஓட மலை ஏறி இறங்கி, மலை வண்டிக்குத் தனிக் கணக்கு போட்டார். கோவிந்தசாமிக்கு மெமோவும் கொடுத்தார், மாற்றல் கொடுக்கவில்லை.

பிற்பாடு நானும் மேற்பார்வைக்கு வந்தேன். யாருடைய கணக்காவது திடீரென்று நன்றாக வந்தால் எனக்குக் கைதட்ட வராது. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.