திரும்பிப் பார்க்காதவன்

சாவாயி தீவில் ஃபாலனிகோ ஓட்டும் பேருந்தில் பாதிப்பேர் அவன் கதையைக் கேட்கவே ஏறுவார்கள். இருபது வயதில் அவன் தோட்டத்திலிருந்து வரும் வழியில் அந்திச் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். பாதையில் ஈ காக்கை நடமாடக்கூடாது. இவன் நடந்தான். பின்னால் இன்னொரு காலடி. இவன் நின்றால் அதுவும் நின்றது. வீடு வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கதை அவ்வளவுதான். கேட்டவர்கள் பிடரியைத் தடவிக்கொண்டே இறங்குவார்கள். அவன் மனைவி ஃபுவாடினோ முப்பது வருஷமாக அந்தி ஜெபத்தில் அவனை ஒட்டித்தான் உட்காருகிறாள். அந்தக் காலடியைவிடப் பெரிய சொத்து அவனிடம் எதுவும் இல்லை.

ஆக்லாந்திலிருந்து பேய்ப்படம் எடுக்க வந்த இளைஞன் கதையைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"அது யாருன்னு காட்டணும்ல மாமா?"

"காட்டாத தம்பி. நானே பாக்கல."

"காசு குடுத்து வர்றவன் வெறும் சத்தத்தையா பாப்பான்? திரையில உங்க பேருதான் மொதல்ல வரும்."

பெயர் என்றதும் மனுஷன் கவிழ்ந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

தேவாலய மண்டபத்தில் படம் போட்டார்கள். முதல் அரை மணி நேரம் ஒருவரும் இருமக்கூட இல்லை. பிறகு உடம்பெல்லாம் சுண்ணாம்பு, தலையில் தேங்காய் நாரோடு பேய் நல்ல வெளிச்சத்தில் வந்து நின்றது. ரொட்டி சுடும் மாலாகிக்கு வேஷம் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு முகத்தை மறைத்தது. வாத்து நடையை மறைக்கவில்லை.

"ஏய் மாலாகி, நாளைக்கு ரொட்டி உண்டா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

மண்டபம் குலுங்கியது. போதகரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலாகி எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

வீட்டுக்கு வந்தும் ஃபுவாடினோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுக்காய்யா முப்பது வருஷமா என்ன நடுங்க வச்ச?"

"அது மாலாகி இல்லடி."

"பின்ன யாரு?"

ஃபாலனிகோ கண்ணை மூடி அந்தப் பாதையை நினைத்தான். காலடி கேட்டது. கூடவே தொப்பையை ஆட்டிக்கொண்டு மாலாகியும் வந்தான். மறுபடி நினைத்துப் பார்த்தான், மறுபடியும் அவனேதான். கண்ணைத் திறந்தான்.

"சொல்லுய்யா, யாரு?"

"மாலாகிதான்," என்றான்.