என் சாமத்தியவீட்டுக்கு அப்பா அடித்த பெட்டிகள்

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த மெதியும் என்ற பலகையை அறுக்கும்போது எழும் தூளில் மரத்தின் வாசம் இருக்காது. சூடேறிய பசையும் பழைய மாவும் கலந்தது போன்ற ஒரு மணம் முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் சோற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த அந்த மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டில் சமைத்த எல்லாவற்றிலும், பருப்பிலும் சொதியிலும் தேநீரிலும்கூட, அந்தத் தூள் இருந்தது. அம்மா பானைகளுக்கு மேல் துணி கட்டிப் பார்த்தார், குசினிக் கதவிடுக்கில் ஈரத் துவாயைச் செருகிப் பார்த்தார், "இது வீடோ பட்டறையோ" என்று கேட்டும் பார்த்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தூள் எனக்காக எழுந்த தூள்.

நாங்கள் அப்போது பிரெஞ்சுத் தலைநகரத்தின் லா ஷப்பல் பகுதியில், மெத்ரோ ரயில் நிலத்துக்கு வெளியே வந்து பாலத்தின் மேல் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், மின்தூக்கி இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். இரண்டே அறைகள். அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். புதன்கிழமை அவருக்கு ஓய்வு, எனக்கும் புதன் பின்னேரங்களில் பள்ளிக்கூடம் இல்லை. அந்தத் தை மாதத்தில்தான் நான் "பெரியபிள்ளை" ஆகியிருந்தேன். அம்மா அதைத் தொலைபேசியில் கனடாவுக்கும் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சொல்வதை நான் அடுத்த அறையில் போர்வைக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை வாங்கப் போன கடையிலும் சொல்லிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். ஈஸ்டர் விடுமுறையில் புறநகரில் ஒரு மண்டபம் எடுத்துச் "சாமத்தியவீடு" செய்வதென்று முடிவாயிற்று. பூப்புனித நீராட்டு விழா என்று அழைப்பிதழில் அச்சிடும் அந்த நாளில் நான் மணப்பெண்ணைப்போலச் சேலை கட்டி, நகை பூட்டி, மேடையில் சிம்மாசனம் மாதிரியான ஒரு கதிரையில் எல்லோரும் பார்க்க இருக்கவேண்டும். வேண்டாம், வேண்டாம் என்று எனக்குள் காலையிலும் மாலையிலும் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பிரெஞ்சில் என்றால் சொல்லியிருப்பேன். ஆனால் பிரெஞ்சில் எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு அது "வாய்காட்டுறது" மட்டும்தான்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளை அப்பாவே செய்யவேண்டும் என்று வந்ததற்குக் காரணம் முந்தின வருடம் நாங்கள் போயிருந்த இன்னொரு பிள்ளையின் சாமத்தியவீடு. அங்கே அறிவிப்பாளர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் ஒலிபெருக்கி வீரிட்டுக் கத்தியது. சனம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மேடையில் இருந்த பிள்ளை அழுதுவிட்டாள். அப்பா வீடு வரும்வரை ரயிலில் அதையே கதைத்துக்கொண்டு வந்தார். "என்ரை பிள்ளைக்கு இப்பிடி நடக்க விடமாட்டன், நானே அடிக்கிறன் பெட்டி" என்றார். அதுவரை அவர் சுவரில் ஒரு தட்டுக்கூடப் பூட்டியதில்லை. நாட்காட்டி மாட்டிய ஆணியும் முந்தைய குடித்தனக்காரர் அடித்துவிட்டுப் போனதுதான்.

பெட்டிகளுக்கான அளவுகளை, வீட்டிலேயே ஒலிபெருக்கி செய்கிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையத்தளத்திலிருந்து நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தோம். எல்லாம் பிரெஞ்சு. அப்பாவின் பிரெஞ்சு குசினிக்கும் மெத்ரோவுக்கும் போதுமானது, இதற்குப் போதாது. ஆகவே நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும். உள்ளே கம்பளி வைக்கவேண்டுமாம், மூலைகளில் காற்றுப் போக ஒரு மயிரிடைவெளியும் இருக்கக்கூடாதாம், ஆனால் முன்பக்கத்தில் மட்டும் காற்று வந்துபோக ஒரு குழாய்த் துவாரம் வேண்டுமாம் என்று நான் சொல்லச் சொல்ல அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "அப்ப பெட்டிக்கும் மூச்சு விட ஒரு இடம் வேணுமெண்டுறாங்கள்" என்றார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. நான் வாசிக்கும் ஒவ்வொரு வரியும் அந்த மேடையை எனக்குக் கிட்டக் கொண்டுவருகிறது என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன்.

பலகையை வடக்கே ஒரு பெரிய கடையில் அளவுக்கு அறுத்துத் தந்தார்கள். இரண்டு பேருமாகக் கயிற்றால் கட்டி, மெத்ரோவில் ஏற்றி, இறங்கி, ரூ பஜோல் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். கோயில் தாண்டியதும் எதிரே என் வகுப்புத் தோழி இனெஸ் தன் தாயோடு வந்தாள். நான் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்தும் பலனில்லை. இவ்வளவு பெரிய பலகைகள் எதற்கு என்று அவள் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். தன் பிரெஞ்சில், "ஃபெத்! மா ஃபிய்!" என்றார். விழா, என் மகளுக்கு. என்ன விழா என்று இனெஸின் தாய் சிரித்தபடி கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு "பிறந்தநாள்" என்றார்.

அவர்கள் போன பிறகு பலகைகளைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தோம். கனடாவுக்கும் கறிவேப்பிலைக் கடைக்கும் சொல்ல முடிந்த ஒன்றை அந்தத் தெருவில் நின்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. அவருக்கும் வெட்கமாக இருக்கிறது என்று முதன்முறையாக எனக்கு விளங்கியது. சொல்வதென்றால் இப்போதுதான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்தின் படிகளில், மூன்றாம் மாடித் திருப்பத்தில், பலகையின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்று, "அப்பா, எனக்கு இது ஏலாது" என்றேன்.

அவர் உடனே திரும்பினார். "ஏலாட்டி வை பிள்ளை, நான் தூக்குறன். முதலே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி என் கையிலிருந்த முனையையும் வாங்கி, எல்லாப் பலகைகளையும் தன் முதுகில் சாய்த்து, சுவரில் உரசிக்கொண்டு மேலே ஏறினார். அவருடைய மூச்சு வாங்கும் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். அதற்குமேல் என்னால் என்ன சொல்ல முடியும்?

அதன் பிறகு வந்த புதன்கிழமைகளில் எங்கள் முன்னறை நடமாட இடமில்லாமல் போயிற்று. பசை காயும்வரை பலகைகளை நெருக்கிப் பிடிக்க இறுக்கிகள் போதாமல், அம்மாவின் அரிசி மூட்டையும் தொலைக்காட்சியும் கிரைண்டரும் பெட்டியின் மேல் ஏறின. அதுவும் போதாமல் அம்மாவே ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். உள்ளே வைக்கக் கம்பளிக்குப் பதிலாக என் பழைய போர்வையை வெட்டினார்கள். ஒலிபெருக்கிகளுக்கு வட்டம் வெட்டும்போது மின்வாள் ஒருமுறை வழுக்கி முன்பலகையில் ஒரு நீளக் கீறல் விழுந்தது. அப்பா அதில் பசையும் தூளும் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, திரும்ப அப்பி, கறுப்பு நிறம் பூசிய பிறகும் சாய்ந்து சாய்ந்து பார்த்து, "தெரியுதோ?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். இல்லை என்றேன். தெரியத்தான் செய்தது.

எல்லாம் பூட்டி முதல்முறை பாட்டுப் போட்ட அன்று ஒரு விசித்திரம் நடந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் போட்டால் தவிலின் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தவில் காணாமல் போய், தகரத்தில் தட்டுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. "தனிய நிண்டா பாடுது, சேத்து வைச்சா வாயை மூடுது" என்று அப்பா தலையில் கைவைத்து நிலத்தில் இருந்துவிட்டார். விழாவுக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அடுத்த நாள் நான் நூலகத்தில் அந்த இணையத்தளத்திலேயே கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார்: ஒரு பெட்டியில் இரண்டு கம்பிகளும் மாறிப் பூட்டப்பட்டிருக்கும், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், அதனால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். அன்று அந்த யோசனையே வரவில்லை. கதவைத் திறந்ததும் அப்பாவின் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, சப்பாத்தைக் கழற்ற முன்பே சொல்லிவிட்டேன். அவர் கம்பியை மாற்றிப் பூட்டினார். தவில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தார். அப்பா சிரித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

விழா அன்று அப்பாவோடு வேலை செய்த நேசன் மாமா தன் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றி வந்தார். நான் பொய்ப்பின்னலும் ஒட்டியாணமுமாக, குனிய முடியாமல், கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா புதுக் கோட்டுச் சூட்டோடு பெட்டிகளை மேடையின் இரண்டு பக்கமும் வைத்து, தூரப்போய் நின்று பார்த்து, திரும்பவும் வந்து ஒரு விரற்கடை திருப்பி வைத்தார். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். நாதஸ்வரம் எழும்பியது. நான்கூட ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தேன், அவ்வளவு நல்ல சத்தம். உடனே மேடை விளக்கும் சத்தமும் ஒன்றாக அணைந்துபோயின.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் தானாக வந்தது. அப்பா திரும்பவும் போட்டார். திரும்பவும் அணைந்தது. சுவரில் ஒரு சின்ன யந்திரம் சிவப்பாகக் கண் சிமிட்டியது. மண்டபக் காவலாளி ஓடிவந்து பிரெஞ்சில் வேகமாகப் பேச, அப்பாவும் நேசன் மாமாவும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அப்பா மேடைப் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஒருக்கா வா" என்று கையசைத்தார். நான் இறங்கிப் போனேன். இரண்டு மாமிமார் சேலையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, கதைக்க வந்ததை மறந்துபோனார். அவர் கேட்க இருந்த கேள்வி எனக்குத் தெரிந்தது. அதை அவரைக் கேட்கவிடாமல் நான் வேகவேகமாகப் பேசினேன். அவர் சொன்னது இதுதான்: சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அந்த யந்திரம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், அக்கம்பக்கத்தவருக்காகப் போட்ட ஏற்பாடு, பூட்டு முத்திரையிட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் மன்றாடினேன். இந்தப் பெட்டிகளை என் அப்பா தன் கையாலேயே செய்தார், இதற்கு முன் அவர் எதையும் செய்ததில்லை, ஒரு பாட்டுக்கு மட்டும் விடுங்கள் என்று, நான் ஒருநாளும் விரும்பாத அந்த விழாவுக்காக, கண்மை கரைய மன்றாடினேன். அந்த மனிதர் பெட்டியருகே போய் அதன் மூலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு முடியாதென்று தலையை ஆட்டினார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"நல்ல வேலையாம் அப்பா. வடிவாச் செய்திருக்கிறியளாம்."

"அப்ப சத்தத்தைக் கூட்டலாமோ?"

"ஏலாதாம்."

அன்று முழுவதும் அந்தப் பெட்டிகள் சனத்தின் பேச்சுச் சத்தத்துக்குக் கீழேதான் பாடின. என் பெயரை அறிவித்தபோது முன்வரிசைக்கு அப்பால் ஒருவருக்கும் கேட்கவில்லை. சொல்லப்போனால் நான் வேண்டியதும் அதுதான். ஆனால் ஆரத்தித் தட்டுகளுக்கு மேலால் பார்க்கும்போதெல்லாம் அப்பா வலப்பக்கப் பெட்டியில் ஒரு கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார், யாராவது வந்தால் சிரித்தார், அவர்கள் போனதும் பெட்டியைப் பார்த்தார். படம் எடுக்கக் கூப்பிட்டபோதும் அவர் கடைசியாகத்தான் வந்தார். எனக்கு அவரிடம் ஓடிப்போகவேண்டும் போலிருந்தது. நகைகளோடு ஓட முடியாது.

பெட்டிகள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் தொலைக்காட்சியின் இரண்டு பக்கமும் நின்றன. கீழ்வீட்டு மதாமுக்குப் பயந்து அங்கும் அவை வாய்விட்டுப் பாடியதில்லை. நான் லியோனில் படிக்கப் போயிருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் செவ்ரான் என்ற புறநகருக்கு வீடு மாறினார்கள். பெட்டிகளைத் தெருவோரத்தில் வைத்துவிட்டதாகவும், பின்னேரத்துக்குள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவும் அம்மா தொலைபேசியில் சொன்னார். இப்போது எங்கள் பழைய கட்டடத்தில் மின்தூக்கி போட்டிருக்கிறார்கள், கதவில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் இல்லை. பலகை அறுத்துத் தந்த கடை உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. வீட்டில் பெட்டி அடிக்கிற ஒருவரையும் நான் அறியேன். முழுப் பாட்டும் இப்போது உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஒலிபெருக்கி உருண்டையிலிருந்து வருகிறது. மண்டபங்களும் மேடைகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் ஒரு ஞாயிறு செவ்ரானில் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். என் மகள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அம்மா அவளுடைய தலையைத் தடவி, இப்போதிருந்தே ஒரு மண்டபம் பார்த்து வைத்தால் நல்லது என்று பேச்சைத் தொடங்கினார். வேண்டாம் அம்மா, இவளுக்கு நாங்கள் செய்யவில்லை என்று நான் சொன்னேன். அவ்வளவு இலகுவாக அது என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏன், எல்லாரும் செய்கிறார்கள்தானே, உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று அம்மா கேட்கத் தொடங்க, அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல், "விடுமப்பா. அண்டைக்கு இவளுக்கும் விருப்பமில்லை" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமோ அப்பா?"

"தெரியாமல் என்ன. முகத்தைப் பார்த்தா விளங்காதே?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் சோற்றை விரல்களால் அளைந்துகொண்டிருந்தார். "ஆரிட்டை என்னெண்டு சொல்லுறது? கொம்மா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா, மண்டபமும் எடுத்தாச்சு. எனக்கு ஒரு வழியும் தெரியேல்லை பிள்ளை. சத்தமாவது நல்லா இருக்கட்டுமெண்டுதான்..." என்றவர் முடிக்காமல் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கேன் ரெண்டு பேரும் சொல்லேல்லை?" என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அப்பா எழுந்து அம்மாவின் கோப்பையில் சோறு போட்டார்.