பதினோரு வருடம் மாறாத தொட்டி

“என் தொட்டியில இருக்கிற கிருமி ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். உள்ள யார் யார் இருக்காங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்!”

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்த சோதனைக்கூடப் பெண்ணிடம் முதல் நாளே இப்படி முழங்கினேன். அதில் கண்ணை மூடிக்கொண்டு என்பது மட்டும் சத்தியம்.

எங்கள் தொட்டியில் ஊர் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை கிருமிகள்தான். நான் அவற்றை மேய்ப்பவன். வாரம் ஒருமுறை ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் பார்த்தேன்: ‘மணி வடிவ உயிர்கள் இருபத்திரண்டு. நூல் கிருமி கொஞ்சம்.’ மறுவாரமும் ஏறக்குறைய அதே. கட்டிய மனைவி முகத்தையே வாராவாரம் உற்றுப் பார்க்காதவன், கிருமி முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியை எழுதினேன். பதினோரு வருடம். கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் மெருகேறியது.

ஒரு திங்கட்கிழமை, கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்த கசடு படியவில்லை. அரை மணியில் அடியில் உட்கார வேண்டியது, அடித்த பஞ்சு மாதிரி மேலே நின்றது. ஆற்றுக்குப் போகும் தண்ணீரும் கலங்கிவிட்டது.

மேலதிகாரி வந்தார். “பதினஞ்சு நாள் தரேன். தெளியலைன்னா தொட்டியைக் காலி பண்ணிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். உங்களுக்கு வாசல்ல ஒரு நாற்காலி போட்டுடறேன். வர்ற வண்டிக்குக் கதவு திறந்துவிடுங்க.”

சோதனைக்கூடப் பெண் சொட்டைப் பார்த்தாள். “நூல் கிருமி காடா மண்டிக் கிடக்கு அண்ணே. அதான் கசடைப் படிய விடலை. எப்போலேர்ந்து கூடிச்சுன்னு தெரிஞ்சா காரணத்தைப் பிடிச்சிடலாம். பதிவேட்டைக் குடுங்க.”

கொடுத்தேன். புரட்டினாள்.

“மழைக்கும் இருபத்திரண்டு, வெயிலுக்கும் இருபத்திரண்டு. ஒண்ணுகூடப் பிறக்கலையா, சாகலையா?”

“அளவான குடும்பம்மா.”

இருவரும் சிரிக்கவில்லை. என் கண்ணுக்கு வாசல் நாற்காலி தெரிந்தது. “பார்க்காமத்தான் எழுதினேன்” என்றேன்.

“அப்ப இனிமே தினமும் பார்த்து எழுதுங்க.”

அன்று வீட்டுக்குப் போய், “துரோகிங்க! சொல்லாம கொள்ளாம மாறிட்டாங்க” என்று புலம்பினேன்.

“பதினோரு வருஷமா எட்டிக்கூடப் பார்க்காத ஆளு நீங்க. துரோகி யாரு?” என்றாள் மனைவி.

பதிவேடு கைவிட்டதால் ஒவ்வொன்றாகத் தேடினோம். மூன்றாம் நாள் குற்றவாளி அகப்பட்டது: தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் வடிகட்டி அடைத்து, பாதிக் காற்றுதான் போயிருக்கிறது. காற்று குறைந்தால் நூல் கிருமிக்குக் கொண்டாட்டமாம். அதைச் சுத்தம் செய்தோம். நான் தினமும் கண்ணைத் திறந்தேன். ஐந்தாம் நாள் அதே காடு. ஒன்பதாம் நாள் அங்கங்கே வெளிச்சம். பதினைந்தாம் நாள் கசடு சமர்த்தாக அடியில் உட்கார்ந்தது. மேலதிகாரி என் பதினைந்து வரிகளையும் படித்தார். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. நாற்காலிப் பேச்சை எடுக்காமலே போனார்.

பழைய இருபத்திரண்டு பேர் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. மீதி இடத்துக்கு யாரோ வந்து, அறிமுகம்கூடச் செய்துகொள்ளாமல், அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை, யாரும் கேட்காமலே மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு எழுதினேன்:

‘நூல் கிருமி குறைவு. மணி வடிவம் ஒன்பது. புதிதாக மூன்று வகை. பெயர் தெரியாது.’